சுழி, சீம்பால், நஞ்சுக்கொடி: மாடு வளர்ப்போர் கேள்விகள்

ஐயா, நஞ்சுக்கொடி விழும்முன் கன்றை ஊட்டவிடக் கூடாது என்கிறார் மாமியார். சரியா?

தவறு அம்மா. இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். தாய் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு நோய் எதிர்ப்புப் பொருள் சேராது. ஈன்றதும் சுரக்கும் முதல் பாலான சீம்பாலில்தான் வர வேண்டும். பிறந்து ஏறக்குறைய 24 மணி நேரம் ஆனால் குடல் அதை உறிஞ்சாது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டவிடுங்கள். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது, பிரித்துப் பிரித்து. கன்று முட்டிக் குடிக்கக் குடிக்கக் கருப்பை சுருங்கும். கொடி விழவும் அது உதவும்.

தொங்கும் கொடியில் செருப்புக் கட்டலாமா?

கூடாது. பாரம் இழுத்தால் கொடி அறுந்து பாதி உள்ளேயே தங்கி அழுகும். 12 மணி நேரம் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள்.

விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிறோம். மூடநம்பிக்கையா?

எனக்குப் பிடித்த வழக்கம் இது. பாலுள்ள மரத்தில் கட்டினால் மடியில் பால் பெருகும் என்பார்கள். பால் பெருகாது, ஆனால் மாடே அதைத் தின்றுவிடாது. கன்று வீசிய, அதாவது கரு கலைந்த மாட்டின் கொடியை மட்டும் கட்டாதீர்கள். கன்று வீச்சு நோய் மனிதருக்கும் தொற்றும். கையுறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள்.

எங்கள் கறவையின் முடியில் இறங்குபூரான் சுழி இருக்கிறது, ஆகாது என்கிறார்கள். விற்றுவிடவா?

விற்காதீர்கள். பால், மடி, பல், கால் பாருங்கள்.

முன்னோர் சும்மாவா சொன்னார்கள் ஐயா? சுழியில் அறிவியல் இருக்கிறது.

கொஞ்சம் இருக்கிறது தம்பி, அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன். 1995இல் அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் குழுவினர் ஆராய்ந்தபோது, நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே இருந்த மாடுகள் பிடித்து நிறுத்தும்போது அதிகம் மிரண்டன. முடியும் மூளையும் கருவில் ஒரே அடுக்கிலிருந்து உருவாவதால் இந்தத் தொடர்பு இருக்கலாம். மிரளும் மாடு எது என்று பார்க்கச் சுழி உதவும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். பாடைச் சுழி வீட்டில் சாவு கொண்டுவரும், பெண்டிழந்தான் சுழி மனைவியைப் பறிக்கும் என்பதை எப்படி ஏற்பது? சந்தையில் விலை பேசத் துண்டுக்குள் விரல் பிடிக்கும் நேரத்தில்தான் இந்தப் பெயர்களெல்லாம் வெளியே வருகின்றன. விலை படியிறங்குகிறது. நட்டம் ஏழைக்கு.

அப்படியென்றால் நல்லது என்கிற ராஜ சுழியும் பொய்யா?

அதுவும்தான்.

விரிசுழி?

எல்லாச் சுழிக்கும் மேலே சொன்னதுதான்.

வாயிலும் காலிலும் புண் வரும் கோமாரி நோய்க்கு வேப்பிலைத் தோரணம் போதுமா?

தோரணம் கட்டுங்கள். ஆறு மாதத்துக்கொரு முறை தடுப்பூசியும் போடுங்கள்.

அடைவைத்த முட்டைக்குப் பக்கத்தில் இரும்புத் துண்டு வைப்பது ஏன்?

இடிக்குக் காப்பு என்பார்கள். கோழி வளர்ப்பவரிடம் கேளுங்கள், நான் மாட்டுக்காரன்.

ஐயா, மாடு ஈன்று ஐந்து மணி நேரம். கொடி இன்னும் விழவில்லை, கன்று கத்துகிறது. ஊட்டவிடலாமா?

முதல் பதிலே இதற்குத்தான் தம்பி. எழுதுவதை நிறுத்திவிட்டுத் தொழுவத்துக்குப் போங்கள். கன்றை இப்போதே அவிழ்த்துவிடுங்கள்.