போரில் உயிரிழந்த இளம் பெண் சிப்பாய்களில் உங்களால் மறக்க முடியாதவர் யார்? ஏன்?

ரோசா ஷானினா. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் ஸ்னைப்பராக, அதாவது மறைந்திருந்து தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுபவளாக இருந்தவள். 1945 ஜனவரி 28 அன்று, அப்போது ஜெர்மனியில் இருந்த கிழக்குப் பிரஷ்யாவில் இறந்தாள். 21 வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் சொச்சம் இருந்தது. என் மகளைவிடச் சின்னவள், அதனால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன்.

துப்பாக்கியோடு அவள் நிற்கும் படத்தை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். கூடவே 59 என்ற எண்ணும் இருக்கும். அவள் சுட்டு வீழ்த்தியதாகக் கணக்கில் உள்ள எதிரிகள் அத்தனை பேர். அந்த எண்ணைத் தாண்டி அவளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். நான் பதினெட்டு வருடங்களாக எல்.கே.ஜி. டீச்சர். ரோசாவும் போருக்குப் போகும் முன் மழலையர் பள்ளியில்தான் வேலை பார்த்தாள். அதைப் படித்த நாளிலிருந்து அவள் எனக்கு வேற்றாளாகத் தெரியவில்லை.

அவள் பிறந்தது வடக்கு ரஷ்யாவில் யெத்மா என்ற சிற்றூரில். ரோசா என்பது புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க்கின் நினைவாக அவளுக்கு வைத்த பெயர். மேலே படிக்க வேண்டும் என்ற ஆசையில், வீட்டார் சம்மதிக்காமலே, 14 வயதில் காட்டு வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர் நடந்து கொனோஷா ரயில் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்து அர்க்காங்கெல்ஸ்க் நகரம், ஆசிரியர் பயிற்சிப் படிப்பு. பிறகு படிப்புக்குக் கட்டணம் வந்து, உதவித்தொகையும் நின்றுபோனபோது, ஒரு மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். பகலில் பிள்ளைகள், மாலையில் படிப்பு. ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தில் குண்டு போட ஆரம்பித்ததும், பள்ளியைக் காப்பாற்ற மொட்டை மாடியில் காவல் இருந்தாள். மதியம் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு வாசலில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த மாடி நினைவுக்கு வரும்.

ஜெர்மன் படை லெனின்கிராடு நகரை முற்றுகையிட்டிருந்தபோது அங்கே அண்ணன் மிகயீல் இறந்துவிட்டான் என்ற செய்தி 1941 டிசம்பரில் வந்தது. தன்னையும் போர்முனைக்கு அனுப்பும்படி அவள் விடாமல் கேட்டாள். பெண்களுக்கான ஸ்னைப்பர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. பயிற்சி முடிந்ததும் அங்கேயே ஆசிரியராக இருக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டாள்.

1944 ஏப்ரல் 5. பெலாரஸில் உள்ள விதெப்ஸ்க் நகருக்கு அருகே முதன்முதலாக ஒருவனைச் சுட்டு வீழ்த்தினாள். உடனே கால்கள் துவண்டு பதுங்குகுழிக்குள் சரிந்துவிட்டாள். “நான் ஒரு மனுஷனைக் கொன்னுட்டேன்” என்றாளாம். தோழிகள் ஓடிவந்து, நீ கொன்றது ஒரு பாசிஸ்டை என்று தேற்றினார்கள். அவள் வாயில் முதலில் வந்த சொல் ‘மனுஷன்’. ஏழு மாதம் கழித்து, இப்போதெல்லாம் பதற்றமே இல்லாமல் கொல்கிறேன் என்று நாட்குறிப்பில் அவளே எழுதுகிறாள். போர் அவளை என்ன செய்தது என்று அறிய எனக்கு இந்த இரண்டு இடங்களும் போதும். அவள் சண்டையிட்டது நியாயமான பக்கத்துக்காக என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த ஏழு மாதத்தை நினைத்தால் மனசு கனத்துப்போகிறது.

பெண் ஸ்னைப்பர்களை முன்வரிசைக்கு அனுப்ப மேலதிகாரிகள் தயங்கினார்கள். பொதுவாகச் சிப்பாய்கள் போர்முனையிலிருந்து ஓடுவார்கள். இவள் அனுமதி இல்லாமல் போர்முனைக்கு ஓடினாள். தண்டித்தும் பார்த்தார்கள், நிற்கவில்லை. சோவியத் தலைவர் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினாள். சாஷா, காலியா என்று இரண்டு தோழிகள் உண்டு, மூவரும் எப்போதும் ஒன்றாகவே திரிவார்கள்.

1944 அக்டோபரிலிருந்து அவள் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. பியோத்தர் மொல்ச்சானவ் என்ற போர்ச் செய்தியாளர் இருபது ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தார். 1965-இல் ‘யூனஸ்த்’ என்ற சோவியத் இதழில் வெளிவந்தது. அவள் எழுதியவற்றில் ஓரிடம் எனக்கு மனப்பாடம் மாதிரி ஆகிவிட்டது. மற்றவர்களின் மகிழ்ச்சிக்காகப் போராடுவதுதான் என் மகிழ்ச்சி என்று சொல்லிவிட்டு, இலக்கணத்தில் ‘மகிழ்ச்சி’ என்ற சொல்லுக்கு ஏன் ஒருமை மட்டும் இருக்கிறது, அதன் பொருளுக்கே அது எதிராக இருக்கிறதே என்று கேட்கிறாள். பிள்ளைகளுக்கு ஒருமை பன்மை சொல்லிக்கொடுப்பவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும். தமிழிலும் நாம் ‘மகிழ்ச்சிகள்’ என்று சொல்வதில்லையே என்று அன்றைக்கு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

1945 ஜனவரி 17 அன்று மொல்ச்சானவுக்கு எழுதினாள்: பட்டாலியனில் 78 பேரில் 72 பேரை இழந்துவிட்டோம், நானும் சீக்கிரம் இறந்துவிடுவேன் போலிருக்கிறது. பத்து நாள் கழித்து, காயம்பட்டுக் கிடந்த பீரங்கிப்படை அதிகாரி ஒருவரை மறைத்துக் காத்தபோது குண்டுச் சிதறல் அவள் உடலைக் கிழித்தது. மறுநாள் இறந்தாள். கடைசி நேரத்தில் கூட இருந்த நர்ஸிடம், நான் செய்தது ரொம்பக் குறைவு என்று வருந்தினாளாம்.

ஆற்றங்கரையில் ஒரு பேரிக்காய் மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். பின்னர் கலினின்கிராடு பகுதியில் உள்ள ஸ்னாமென்ஸ்க் ஊருக்கு மாற்றினார்கள்.

போர் முடிந்ததும் என்ன செய்வது என்றும் அவள் யோசித்து வைத்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்க வேண்டும். அது முடியாவிட்டால், அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளை எடுத்து வளர்க்க வேண்டும்.