க்யூவைத் திறக்க அனுமதி இல்லை என்கிறதா? ரூட்டில் ஓட்டாதீர்கள்

கேள்வி: லினக்ஸ் சர்வரில் என் இரண்டு ப்ரோக்ராம்கள் போசிக்ஸ் மெசேஜ் க்யூ (ஒரு ப்ரோக்ராம் போடும் செய்தியை இன்னொன்று எடுக்கும்வரை வைத்திருக்கும் வரிசை) வழியாகப் பேசிக்கொள்கின்றன. ஒன்று க்யூவை உருவாக்கிச் செய்திகளைப் படிக்கும், மற்றது அனுப்பும். என் லாகினில் இரண்டையும் ஓட்டினால் ஒரு பிரச்சினையும் இல்லை. சர்வரில் தனித்தனி யூசரில் ஓட்டும்போது, அனுப்ப வேண்டிய ப்ரோக்ராமுக்கு 'பெர்மிஷன் டினைடு' வருகிறது. மோட் (அனுமதி எண்) 0666 தான் கொடுத்திருக்கிறேன், அதாவது எல்லாரும் படிக்கலாம், எழுதலாம். இரண்டையும் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி யூசராக) ஓட்டினால் சரியாகிவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. ரூட்டுக்கு இந்த அனுமதிச் சோதனை கிடையாது, அதனால்தான் ஓடுகிறது. கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. செய்தி அனுப்புவதற்காக மட்டும் ஒரு ப்ரோக்ராமுக்கு மொத்த மெஷினின் சாவியையும் கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

நீங்கள் 0666 என்று எழுதினாலும் க்யூவில் பதிவாவது 0666 அல்ல. ஒவ்வொரு ப்ராசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமுக்கும், யுமாஸ்க் என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் 022. நீங்கள் கேட்ட அனுமதியில் இருந்து அதைக் கழித்துவிட்டுத்தான் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் க்யூவை உருவாக்கும். மிச்சம் 0644, அதாவது உருவாக்கிய யூசர் படிக்கலாம், எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும் செய்யலாம். உங்கள் இரண்டாவது ப்ரோக்ராம் எழுதப் பார்க்கிறது, அதனால் கதவு சாத்தப்படுகிறது. ஒரே லாகினில் ஓட்டியபோது இரண்டுக்கும் நீங்கள்தான் உரிமையாளர் என்பதால் இது வெளியே தெரியவில்லை.

முன்னால் இருக்கும் அந்தப் பூஜ்யத்தையும் விட்டுவிடாதீர்கள். சி மொழியில் வெறும் 666 என்று எழுதினால் அது சாதாரணப் பத்தடிமான எண்ணாகி, அனுமதிகள் எழுதப்படும் ஆக்டலில் (எட்டடிமானத்தில்) 1232 ஆகிவிடும், உரிமையாளருக்கே படிக்கும் அனுமதி போய்விடும். இதில் கொடுமை, உருவாக்கும் அந்த முதல் தடவை ஒழுங்காகத் திறக்கும், ஏனென்றால் புதிதாக உருவாக்குபவரிடம் அனுமதி கேட்பதில்லை. அடுத்த தடவைதான் மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, தீர்வு. இரண்டு யூசரையும் ஒரு பொதுவான குரூப்பில் போடுங்கள், மோடை 0660 ஆக்குங்கள் (உரிமையாளரும் குரூப்பும் மட்டும் படிக்கலாம், எழுதலாம்), உருவாக்கும் ப்ரோக்ராமில் க்யூவைத் திறக்கும் எம்க்யூ_ஓபன் அழைப்புக்கு முன்னால் யுமாஸ்க்கை 007 என்று வைத்து, திறந்த பிறகு பழையபடி மாற்றிவிடுங்கள். யுமாஸ்க் முழு ப்ராசஸுக்கும் பொதுவானது, அதனால் த்ரெட்களை (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகளை) கிளப்புவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. க்யூவுக்குப் போய்ச் சேரும் குரூப், உருவாக்குபவர் ஓடும்போது இருக்கும் முதன்மை குரூப். கூடுதல் குரூப்பாகச் சேர்த்தால் அனுப்புபவருக்குப் போதும், உருவாக்குபவருக்குப் போதாது. எல்லாருக்கும் 0666 திறந்துவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். க்யூவில் இயல்பாக 10 செய்திகள்தான் நிற்கும், எந்த யூசராவது அதை நிரப்பிவிட்டால் உங்கள் ப்ரோக்ராம் அனுப்ப முடியாமல் காத்துக்கிடக்கும்.

இவ்வளவும் திருத்திய பிறகும் அதே பிழை வரும். பலர் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் ரூட்டுக்குத் திரும்புகிறார்கள். காரணம், பழைய க்யூ இன்னும் உயிரோடு இருக்கிறது. ப்ரோக்ராம் முடிந்தாலும் க்யூ போகாது, யாராவது எம்க்யூ_அன்லிங்க் செய்து அதன் பெயரை அழிக்க வேண்டும், இல்லையென்றால் மெஷின் ரீபூட் ஆக வேண்டும். அந்தப் பெயரில் க்யூ ஏற்கெனவே இருந்தால், நீங்கள் கொடுக்கும் புது மோட், புது அளவு எதையும் கர்னல் கண்டுகொள்ளாது, ஒரு எச்சரிக்கைகூடச் சொல்லாது. இத்தனை வருடமாக இப்படியே வைத்திருக்கிறார்கள், எத்தனை பேருடைய ராத்திரித் தூக்கம் இதில் போயிருக்கும்! /டெவ்/எம்க்யூ (/dev/mqueue) அடைவில் பட்டியல் எடுத்துப் பாருங்கள், க்யூ அங்கே ஃபைல் மாதிரியே உரிமையாளர், அனுமதியோடு தெரியும். உருவாக்கிய யூசராக இருந்து அதை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இதற்குக் குறுக்குவழியாக, இரண்டு ப்ரோக்ராமிலும் முதல் வரியில் அன்லிங்க் போட்டுவிடும் கோட் நிறையச் சுற்றுகிறது. தயவுசெய்து அதைக் காப்பியடிக்காதீர்கள். இரண்டும் ஒரே யூசரில் ஓடினால், முதல் ப்ரோக்ராம் க்யூவைத் திறந்து வைத்திருக்கும், இரண்டாவது வந்து பெயரை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கும். முதலாமவர் பெயரில்லாத பழைய க்யூவில் காத்திருப்பார், இரண்டாமவர் யாரும் படிக்காத புது க்யூவில் போட்டுக்கொண்டே இருப்பார், பிழை எங்கேயும் வராது. உருவாக்கும் பொறுப்பு ஒரே ப்ரோக்ராமிடம் இருக்கட்டும். அது மட்டும், இல்லையென்றால் உருவாக்கு என்று சொல்லும் ஓ_கிரியேட் (O_CREAT) கொடுக்கட்டும், மற்றது கொடுக்காமல் திறக்கட்டும், க்யூ இல்லை என்று வந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி முயலட்டும். அனுப்புபவர் எழுத மட்டும் என்று திறந்தால் போதும், படிக்க-எழுத இரண்டும் கேட்க வேண்டாம்.

இந்தக் குழப்பத்தைக் காட்டி வியாபாரம் செய்பவர்களும் உண்டு. 'க்யூ நம்பகமில்லை, செய்திகளை இடையில் வாங்கிக் கொடுக்கும் எங்கள் புரோக்கர் சாஃப்ட்வேரைப் போடுங்கள், வருடச் சந்தா கட்டுங்கள்' என்று ஆலோசகர் வருவார். பல மெஷின்களுக்கு இடையே செய்தி போக வேண்டும், ரீபூட் ஆனாலும் அழியக்கூடாது என்றால் அது தேவைதான். ஒரே மெஷினில் இரண்டு ப்ராசஸ் பேசுவதற்கு, அதுவும் ஒரு யுமாஸ்க் கோளாறுக்காக, பணத்தைக் கொட்டாதீர்கள். அதை நிறுவ வருபவரும் கடைசியில் ரூட்டில்தான் ஓட்டிவிட்டுப் போவார்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக ஓடி, நீங்கள் சர்வரில் இருந்து லாக்அவுட் செய்த பிறகு க்யூ காணாமல் போனால் அது உங்கள் கோடின் தவறு அல்ல. சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் லாகின்களைப் பார்த்துக்கொள்ளும் பகுதியான லாகின்டி, ஒரு யூசரின் கடைசி செஷன் முடிந்ததும் அவருடைய மெசேஜ் க்யூக்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். ரிமூவ்ஐபிசி என்ற அமைப்பு பல இடங்களில் இயல்பாகவே ஆன் செய்யப்பட்டிருக்கிறது. அந்த யூசரின் பெயரில் பின்னணியில் சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கிறதே என்றெல்லாம் அது யோசிப்பதில்லை. ஓடுகிற ப்ரோக்ராம் பெயர் அழிந்த க்யூவைப் பிடித்துக்கொண்டே இருக்கும், புதிதாகத் திறக்க வருபவருக்கோ அப்படி ஒரு க்யூவே இல்லை என்று வரும், ஆக மேலே சொன்ன அன்லிங்க் கதைதான் மறுபடியும். ரூட்டையும் சிஸ்டம் யூசர்களையும் (ஆட்களுக்கு அல்லாமல் சர்வீஸ்களுக்கான கணக்குகளையும்) இது தொடாது, அதனால் சர்வீஸுக்கென்று ஒரு சிஸ்டம் யூசரை உருவாக்கி அதில் ஓட்டுங்கள். அதற்கு வழியில்லையென்றால், லாகின்டி கான்ஃபிக் ஃபைலில் ரிமூவ்ஐபிசியை 'நோ' என்று மாற்றச் சொல்லி சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள்.