நாய் வந்த பக்கங்கள்

அன்புள்ள ஐயா,

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக இருந்த இரவுகளில் ரிச்சர்ட் மேத்திசனின் 'ஐ ஆம் லெஜெண்ட்' நாவலை வாசித்தேன். நாய்க்குச் சாப்பாடு வைக்கும் பக்கங்கள் இழுவையாக இருந்ததால் தாண்டிவிட்டேன். 2007இல் வில் ஸ்மித் நடித்து வந்த படத்தையும் பார்த்தேன். அதற்கு இரண்டு முடிவுகள் உண்டாமே, எது சரி? அதில் வருபவை ரத்தக்காட்டேரிகளா, ஸோம்பிகளா?

முரளி

அன்புள்ள முரளி,

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

நாவலில் அவை ரத்தக்காட்டேரிகள். 1954இல் வந்த அந்த நாவலின் தூண்டுதலில்தான் ஜார்ஜ் ரொமேரோ 1968இல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தார். இன்றைய ஸோம்பிகள் அங்கிருந்து வந்தவை. பெயரில் என்ன இருக்கிறது, விடுங்கள்.

ஆனால் நாய்ப் பக்கங்களைத் தாண்டினேன் என்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கதையின் உயிரைத் தாண்டியிருக்கிறீர்கள். ஒரு நோயில் எல்லோரும் ரத்தக்காட்டேரிகளாகிவிட, தான் ஒருவன்தான் மிச்சம் என்றிருக்கும் நெவில், பகலில் ஒரு நாயைப் பார்க்கிறான். துரத்துகிறான், அது ஓடிவிடுகிறது. அப்புறம் தினமும் பாலும் இறைச்சியும் வைத்துவிட்டுக் காத்திருக்கிறான். இழுவையா அது?

அப்பா இறந்த வருஷம் எங்கள் கொல்லைக்கு ஒரு செவலை நாய் வந்தது. யாரோ வெந்நீர் ஊற்றியதில் முதுகில் பாதி மயிர் இல்லை. பால்சோறு வைத்துவிட்டு நான் படியில் உட்கார்ந்திருந்தால் வராது; உள்ளே போய்க் கதவைச் சாத்தினால்தான் வரும். கருமாதிக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்தபின், ஒருநாள் என் காலருகே நின்று தின்றது. கால் மரத்துப்போயும் நான் அசையவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை.

படத்தில் நாய் முதலிலிருந்தே அவனுடையது, மகள் கையில் கொடுத்துவிட்டுப் போன குட்டி. அது சாகும்போது நானும் அழுதேன். ஆனால் அதன் நம்பிக்கையை அவன் சம்பாதிக்க வேண்டியிருக்கவில்லை. நாவலிலோ அத்தனை நாள் காத்திருந்து கிடைத்த நாய் ஒரே வாரத்தில் செத்துவிடுகிறது. அவனுடைய பொறுமையும் அதோடு போய்விடுகிறது. இரண்டு வருஷம் கழித்து ரூத் என்ற பெண்ணைப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததும் துரத்திப் பிடித்து வீட்டுக்கு இழுத்துவருகிறான். நாய்க்காகக் காத்திருந்தவன் ஒரு மனுஷிக்காகக் காத்திருக்கவில்லை, முரளி! அவள் கணவனைக் கொன்றதும் அவன்தான், யாரென்றே தெரியாமல். அந்த நோயோடு வாழப் பழகிவிட்ட, அவளைப் போன்ற புது மனிதர்களுக்கு, தூங்கும்போது வந்து கொல்லும் பேய் அவன். தலைப்பிலுள்ள 'லெஜெண்ட்' சொல்வது அந்தப் பேய்க்கதையை. தியேட்டரில் வந்த முடிவோ அவனைத் தியாகி ஆக்கி, தலைப்பையே தலைகீழாக்கிவிட்டது.

படத்தின் மாற்று முடிவில், தான் பிடித்துவைத்த நோயாளிப் பெண்ணை அவள் கூட்டத்திடமே திருப்பிக் கொடுக்கிறான். நாவலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது, சரி. ஆனால் நாய்க்காகக் காத்திருந்த அந்த நாட்கள் இல்லாத படத்துக்கு எந்த முடிவை ஒட்டினாலும் எனக்கு ஒன்றுதான்.

நாய் வருவது இரண்டாம் பாகத்தின் கடைசியில். அம்மா தூங்கிய பிறகு எடுத்து, மெதுவாக வாசியுங்கள். அவர்கள் உடம்பைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள்.