குடல் சுருக்கத்துக்கு ட்ரிப்பா, பலூனா, ஆபரேஷனா? கையில இருக்கிறது 21,000 வெள்ளி (ரிங்கிட்)

கேள்வி: கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கோம். என் வீட்டுக்காரருக்கு 37 வயசு, க்ரோன்ஸ் நோயால (குடல் நாள்பட்டு வீங்கிப் புண்ணாகுற வியாதி) சிறுகுடலோட கடைசிப் பக்கம் சுருங்கிப் போச்சுன்னு பிரைவேட் ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. சாப்பிட்டாலே வயிறு முறுக்குது, எட்டு கிலோ இறங்கிட்டாரு. வீக்கத்த இறக்க நரம்பு வழியா ஏத்துற இன்ஃப்ளிக்ஸிமேப் ட்ரிப் ஒரு தடவைக்கு 2,800 வெள்ளி, பலூன் விட்டு விரிக்க 9,000, வெட்டி எடுத்துத் தைக்க 42,000ன்னு சொல்றாங்க. மாமியார் கத்தியே வைக்கக் கூடாதுங்கறாங்க. சேமிப்பு 21,000, மெடிக்கல் கார்டு (இன்சூரன்ஸ்) இருக்கு. ட்ரிப்தானே மலிவு, அதையே ஆரம்பிச்சிடலாமா? நகைய அடகு வைக்கவும் ரெடி.

பதில்: தங்கச்சி, நீங்க அனுப்பின நோட்டுப்புத்தகப் பக்கத்த ரெண்டு தடவ பார்த்தேன். ட்ரிப்புக்கு நேரா 2,800ன்னு எழுதி அடியில ரெண்டு கோடு போட்டிருக்கீங்க, ஆபரேஷனுக்கு நேரா 42,000ன்னு எழுதி பக்கத்துல பெரிய கேள்விக்குறி. அங்கதான் கணக்கு இடிக்குது. முதல்ல இருக்கிறது ஒரு தடவ விலை, ரெண்டாவது மொத்த விலை. இந்த ட்ரிப் முதல் நாள், 2வது வாரம், 6வது வாரம், அதுக்கப்புறம் 8 வாரத்துக்கு ஒரு தடவன்னு போகும், அதனால முதல் வருஷமே 8 தடவ, 22,400 வெள்ளி. அடுத்தடுத்த வருஷம் ஆறோ ஏழோ, சுமாரா 18,000. அஞ்சு வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க, 95,000 கிட்ட வந்து நிக்கும், உடம்பு எடைக்கு ஏத்த மாதிரிதான் மருந்து குடுப்பாங்கங்கறதால எடை கூடினா, டோஸ் ஏத்தினா இன்னும் மேல போகும்.

அதுக்காக ட்ரிப் வேணாம்னு சொல்லல. நான் டாக்டர் இல்ல, ஆனா காசு போடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: அந்த சுருக்கம் வீக்கத்தாலயா, இல்ல தழும்பு விழுந்து இறுகிப் போனதாலயா? பெரும்பாலும் ரெண்டும் கலந்துதான் இருக்கும், எது ஜாஸ்தின்னு எம்ஆர்ஐ பார்த்து ஓரளவு சொல்லுவாங்க. வீக்கத்த மருந்து இறக்கும், தழும்ப இளக்காது. தழும்புக்கு 22,400 வெள்ளி ட்ரிப் போட்டுட்டு கடைசியில ஆபரேஷனுக்கே போனா ரெண்டு செலவும் உங்க தலையில. பிரான்ஸ்ல இந்த மாதிரி சுருக்கம் இருந்த 97 பேருக்கு இதே வகையைச் சேர்ந்த அடலிமுமேப் ஊசி போட்டுப் பார்த்தாங்க, ஆறு மாசத்துல 100க்கு 64 பேருக்குப் பலன் இருந்துச்சு, நாலு வருஷம் கழிச்சுப் பார்த்தா பாதிப் பேர்தான் ஆபரேஷன் இல்லாம தப்பிச்சிருந்தாங்க. நல்ல மருந்துதான், உங்க வீட்டுக்காரருக்குப் பொருந்துமாங்கறதுதான் கேள்வி.

பலூன் விஷயத்துக்கு வந்தா, சுருக்கம் 5 செ.மீ.க்குள்ள, நேரா இருந்தா யோசிக்கலாம், சீழோ பக்கத்துல வேற ஓட்டையோ இருந்தா கிடையாது. 3,213 தடவ பண்ணினத ஒண்ணா சேர்த்து 2017ல வெளியிட்ட கணக்குல பெரிய சிக்கல் 2.8% தான். ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள 100க்கு 70 பேருக்கு மேல மறுபடி பலூன் போட வேண்டி வந்துச்சு, 40 பேருக்கு மேல ஆபரேஷனுக்கே போனாங்க. அதனால அந்த 9,000ஐ நோட்டுல எழுதறப்ப ரெண்டு தடவன்னு எழுதி வைங்க.

இப்ப கார்டுக்கு வருவோம், எனக்கு இதுதான் உங்க கடிதத்துலயே பெரிய விஷயமா தெரியுது, நீங்க ஒரு வரியில சொல்லிட்டு போயிட்டீங்க. நான் பார்த்த பெரும்பாலான மெடிக்கல் கார்டு அட்மிட் ஆகுறதுக்கும் டே கேர் ஆபரேஷனுக்கும் காசு குடுக்கும், வெளிநோயாளியா வந்து எடுத்துக்கிற சிகிச்சையில புற்றுநோய் சிகிச்சை, டயாலிசிஸ் மாதிரி சிலத மட்டும்தான் எடுத்துக்கும். அப்படின்னா நீங்க மலிவுன்னு நினைச்ச ட்ரிப் முழுக்க உங்க பாக்கெட்டுலேர்ந்து போகும், 42,000 ஆபரேஷனுக்கு ஜிஎல் (இன்சூரன்ஸ் கம்பெனி ஆஸ்பத்திரிக்குக் குடுக்கிற உத்தரவாதக் கடிதம்) வந்துட்டா, லிமிட்டுக்குள்ள இருந்தா பெரும்பாலும் கோ-பேமெண்ட் (பில்லுல நீங்க கட்டவேண்டிய பங்கு) மட்டும்தான் உங்களுக்கு. ஏஜெண்ட வாய்வார்த்தையா கேக்காதீங்க, பாலிசி புத்தகத்த எடுத்து வருஷ லிமிட், கோ-பேமெண்ட், அட்மிஷனுக்கு முன்பின் எத்தன நாள் செலவு எடுத்துக்கும்னு பாருங்க, ஜிஎல்லுக்கு முன்கூட்டியே கேளுங்க. பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே வயித்து வலிக்குக் கிளினிக் போயிருந்தா அத மறைக்காதீங்க, பழைய ரெக்கார்டு எல்லாம் தேடி எடுப்பாங்க. இப்ப செலவு முட்டுதேன்னு பிரீமியம் கட்டாம விட்டுடாதீங்க, இந்த வியாதியோட புது கார்டு கிடைக்கிறது ரொம்ப கஷ்டம். அதே சமயம் கார்டு குடுக்குதுங்கறதுக்காக மட்டும் குடல வெட்டிக்கவும் வேணாம், அது டாக்டரோட முடிவு.

ட்ரிப்தான் சரின்னு வந்தா, கிளினிக் கெசிஹாத்தான்ல (கவர்மெண்ட் கிளினிக்) ரெஃபரல் லெட்டர் வாங்கி கவர்மெண்ட் ஆஸ்பத்திரி குடல் ஸ்பெஷலிஸ்ட்டப் பாருங்க. அங்க ஸ்பெஷலிஸ்ட்டப் பார்க்க செலவு ரொம்பக் கம்மி. அங்க இந்த மருந்து ஸ்பெஷலிஸ்ட் எழுதி, ஆஸ்பத்திரி பட்ஜெட் இடம் குடுத்தா வரும், காத்திருக்கணும். வலி தாங்குற நிலைமையில இருக்கிறப்பவே வரிசையில நின்னுடுங்க.

சம்பளம் போயிடுமேன்னு பயம் இருக்கலாம். 2023 ஜனவரியிலேர்ந்து ஆஸ்பத்திரியில படுக்க வேண்டி வந்தா சம்பளத்தோட 60 நாள் லீவு, வேலை பார்த்த வருஷத்தப் பொறுத்துக் கிடைக்கிற சாதாரண எம்.சி. (மருத்துவ லீவு) 14, 18, 22 நாளுக்கு மேல தனியா. எச்ஆர்கிட்ட லெட்டர் காட்டுங்க. அவசரத்துக்கு ஈபிஎஃப்ல (ஊழியர் சேமநிதி) அவரோட ஃப்ளெக்ஸிபல் அக்கவுண்ட்லேர்ந்து 50 வெள்ளியிலேர்ந்து எப்ப வேணாலும் எடுக்கலாம். நகை கடைசி, பர்சனல் லோன் அதுக்கும் அப்புறம். சேமிப்புல 6,000ஐத் தொடாதீங்க, வீட்டு வாடகையும் பிள்ளைங்க பள்ளிச் செலவும் நிக்கக் கூடாது.

மாமியார் பயம் எனக்குப் புரியுது. அவங்ககிட்ட சொல்லுங்க, திட்டம் போட்டுப் பண்ற ஆபரேஷன்ல சின்னத் துளை வழியாவே முடிக்கலாம், எடை ஏத்தி உடம்ப தயார் பண்ணிட்டுப் போகலாம். அடைச்சுக்கிட்டு நடுராத்திரி போனா வயித்தத் திறக்கவும், கொஞ்ச நாளைக்கு மலம் சேர வயித்துல பை மாட்டவும் வாய்ப்பு அதிகம், பில்லும் ஏறும். ஆபரேஷன் பண்ணிட்டா நோய் போயிடாது, அதையும் ஒளிக்காம சொல்லிடுங்க, 6லேர்ந்து 12 மாசத்துக்குள்ள குடல் ஸ்கோப் பண்ணிப் பார்க்கணும், சிலருக்கு மருந்தும் தொடரும். அவரு சிகரெட் பிடிக்கிறவரா இருந்தா இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, பிடிச்சா மறுபடி வர்ற வாய்ப்பு கூடுது.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டும் பாலிசி ஷெட்யூல் பக்கமும் வந்ததும் எனக்கு அனுப்புங்க, அந்த நோட்டுக் கணக்க ஒண்ணா திருத்தலாம். அதுக்குள்ள வாந்தி நிக்காம, வயிறு உப்பி, காத்தே பிரியலன்னா ஜிஎல், கார்டு எதையும் பார்க்காதீங்க, பக்கத்துல இருக்கிற எமர்ஜென்சிக்கு அவர உடனே கூட்டிட்டுப் போங்க.