விபத்து அறிக்கையில் ‘விமானியின் தவறு’ என்று இருந்தால் எப்படிப் படிப்பது?

கேள்வி: வேலை காரணமாக அடிக்கடி விமானத்தில் போகிறேன். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் சிலர் ‘விமானியின் தவறு’ என்கிறார்கள், சிலர் ‘இயந்திரக் கோளாறு’ என்கிறார்கள். இரண்டும் சேர்ந்துதான் விபத்து நடக்கிறது என்றும் படித்தேன். சேர்ந்து என்றால் எப்படி? விசாரணை அறிக்கையில் எதைக் கவனிக்க வேண்டும்? பயணியாக நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: இரண்டும் சேர்ந்து நடக்கிறது என்று நீங்கள் படித்தது சரிதான். ஆனால் பாதிக் கோளாறு, பாதித் தவறு என்று அதைக் கூட்டல் கணக்காக எடுத்துக்கொண்டால் எந்த அறிக்கையும் புரியாது. பல விபத்துகளில் பழுது மிகச் சின்னது. அந்தப் பழுதோடேயே விமானம் பத்திரமாகத் தரையிறங்கியிருக்க முடியும். அந்தச் சின்னப் பழுது விமானிக்கு எதைக் காட்டியது, எதை மறைத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தவறு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

ஏர் பிரான்ஸ் 447-ஐ எடுத்துக்கொள்வோம். 2009 ஜூன் 1, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் போய்க்கொண்டிருந்த ஏர்பஸ் ஏ330. அட்லாண்டிக்கின் மேல் 35,000 அடியில், வேகத்தை அளக்கும் பிட்டாட் குழாய்களைப் பனித் துகள்கள் அடைத்துக்கொண்டன. வேகக் கணக்கை நம்ப முடியாமல் போனதால் ஆட்டோபைலட் தானாக விலகிக்கொண்டது. பழுது அவ்வளவுதான். என்ஜின்கள் ஓடின, இறக்கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வேக அளவீடும் சுமார் ஒரு நிமிடத்தில் சரியாகிவிட்டது. மூக்கின் கோணத்தையும் என்ஜின் விசையையும் இருந்தபடியே வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும்.

ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுத்தார். விமானம் சுமார் 38,000 அடி வரை ஏறி, வேகம் குறைந்து, ஸ்டால் ஆனது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுக்கு மீறிப் போனதால் தூக்கு விசை குலைந்துவிட்டது என்று அர்த்தம். இதிலிருந்து மீள மூக்கைத் தாழ்த்த வேண்டும். அவரோ பெரும்பாலான நேரம் தூக்கியே பிடித்திருந்தார். ஆட்டோபைலட் விலகியதிலிருந்து கடலில் விழும் வரை நாலரை நிமிடம்கூட ஆகவில்லை. 228 பேரும் இறந்தார்கள்.

இந்த இடத்தில் அறிக்கையை மூடிவிட்டால் ‘விமானியின் தவறு’ என்று எழுதிவிட்டுப் போகலாம். மேலே படித்தால் கதை மாறும். ஸ்டால் எச்சரிக்கை வேலை செய்த விதத்தைப் பாருங்கள். கோணம் மிக மோசமாகப் போனதும் அளவிடப்பட்ட வேகம் 60 நாட் (மணிக்குச் சுமார் 110 கி.மீ.) அளவுக்கும் கீழே விழுந்தது. அவ்வளவு குறைந்த வேகத்தில் வரும் கோண அளவை நம்பக் கூடாது என்று கணினிக்குச் சொல்லி வைத்திருந்ததால் எச்சரிக்கை நின்றுவிட்டது. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் வேகம் கூடி, எச்சரிக்கை மறுபடியும் அலறும். அதாவது சரியாகச் செய்தால் அலறல், தவறாகச் செய்தால் அமைதி. இருட்டில், மேகத்துக்குள், எந்தக் கருவியை நம்புவது என்று தெரியாத ஒருவரிடம் இப்படி ஒரு எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டு, அவர் ஏன் குழம்பினார் என்று கேட்பது நியாயமில்லை. அவ்வளவு உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி அந்தத் துணை விமானிகளுக்குக் கொடுக்கப்படவில்லை. அந்த வகைக் குழாய் அடைத்துக்கொள்வதும் முன்பே தெரிந்த விஷயம். மாற்றத் தொடங்கியிருந்தார்கள், இந்த விமானத்துக்கு முறை வரவில்லை.

பழுது தவறைத் தூண்டுவது ஒரு பக்கம். சில சமயம் அது தவறைச் சரி என்றே நம்பவைத்துவிடும். 1989 ஜனவரி 8, இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த பிரிட்டிஷ் மிட்லண்ட் போயிங் 737-400 அப்படிப்பட்டது. இடது என்ஜினில் விசிறித் தகடு ஒன்று உடைந்தது. அதிர்வும் புகையும் வந்தன. விமானிகள் வலது என்ஜினைக் கோளாறாக நினைத்து அதன் விசையைக் குறைத்தார்கள். உடனே அதிர்வு தணிந்தது! கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்து, நல்ல என்ஜினையே அணைத்தார்கள். உண்மையில், விசையைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பைத் துண்டித்ததில் உடைந்த என்ஜினுக்குப் போன எரிபொருளும் குறைந்து, அது கொஞ்ச நேரம் அடங்கியிருந்தது. தரையிறங்கும்போது அதனிடம் மறுபடியும் விசை கேட்டபோது முழுதாகக் கைவிட்டது. ஓடுபாதைக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலைக் கரையில் மோதி 47 பேர் இறந்தார்கள். அதிர்வைக் காட்டும் கருவி காக்பிட்டில் இருந்தது. ஆனால் சின்னது. பழைய ரக விமானங்களில் அந்தக் கருவியை நம்ப முடியாது என்ற எண்ணமும் விமானிகளிடையே பரவலாக இருந்தது.

2009 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் அருகே விழுந்த துருக்கிய ஏர்லைன்ஸ் 1951-லும் இதே தன்மை உண்டு. விமானம் சுமார் 1,950 அடி உயரத்தில் இருக்கும்போது, இடது ரேடியோ உயரமானி தரைக்கு 8 அடி கீழே என்று காட்டியது. தரையைத் தொடப்போகிறோம் என்று நினைத்துத் தானியங்கி த்ராட்டில் என்ஜின் விசையை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டது. விமானிகளுக்கு ஏன் சந்தேகம் வரவில்லை? அவர்கள் இறங்குபாதைக்குக் கொஞ்சம் மேலே இருந்தார்கள். அந்த நேரத்தில் விசை குறைவாக இருப்பதுதான் இயல்பு. பழுதின் அடையாளமும் வழக்கமான இறக்கத்தின் அடையாளமும் ஒன்றாகவே இருந்தன. 9 பேர் இறந்தார்கள்.

இனி மறுபக்கத்துக்கு வருவோம். வானத்தில் ‘இயந்திரக் கோளாறு’ என்று தெரிவதில் ஒரு பகுதி, தரையில் யாரோ ஒருவர் செய்த வேலை. 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603-இல், கழுவிப் பளபளப்பாக்கும்போது, உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட உதவும் காற்றழுத்தத் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். உயரம், வேகம் எல்லாம் பொய். அளவுக்கு மீறிய வேகம் என்று ஒரு எச்சரிக்கையும் ஸ்டால் என்று இன்னொரு எச்சரிக்கையும் ஒரே சமயத்தில் வந்தன. விமானிகள் கட்டுப்பாட்டு அறையிடம் தங்கள் உயரத்தைக் கேட்டார்கள். அங்கே திரையில் தெரிந்த உயரமும் இதே விமானம் அனுப்பிய தவறான உயரம்தான். இரண்டாவது ஆளிடம் கேட்டுச் சரிபார்த்ததாக நினைத்தவர்களுக்கு, தங்கள் கருவி சொன்ன பொய்யே திரும்பி வந்தது. 70 பேர் இறந்தார்கள். 2005-இல் ஹீலியோஸ் 522 விபத்தும் பராமரிப்புச் சோதனையில்தான் தொடங்கியது. கேபின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்சு கைமுறை நிலையிலேயே விடப்பட்டது. கிளம்பும் முன் விமானிகளும் கவனிக்கவில்லை. அதனால் மேலே ஏற ஏற உள்ளே காற்றழுத்தம் குறைந்து, மூச்சுக்கு ஆக்ஸிஜன் போதவில்லை. மேலே போனபோது ஒலித்த எச்சரிக்கை, ஓடுபாதையில் வரும் வேறொரு எச்சரிக்கையின் அதே ஒலி. 121 பேர் இறந்தார்கள். இரண்டு வெவ்வேறு ஆபத்துகளுக்கு ஒரே ஒலியை வைத்ததை நான் வடிவமைப்புப் பிழை என்றுதான் சொல்வேன், அறிக்கை எவ்வளவு நாகரிகமாக எழுதியிருந்தாலும்.

என்னைக் கேட்டால், மிகவும் கவலைப்பட வேண்டியது திரும்பத் திரும்ப வரும் சின்னப் பழுதுதான். 2014 டிசம்பர் 28, சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் போன இந்தோனேசியா ஏர் ஏசியா 8501. சுக்கான் அசையும் அளவைக் கட்டுப்படுத்தும் கருவியின் மின் பலகையில் ஒரு சால்டர் இணைப்பு விரிசல் விட்டிருந்தது. அந்தக் கருவியில் முந்தைய 12 மாதங்களில் 23 முறை கோளாறு பதிவாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஏதோ செய்து சரிசெய்து அனுப்பினார்கள், வேர்க்காரணம் அப்படியே இருந்தது. அன்று பறக்கும்போது எச்சரிக்கை நான்கு முறை வந்தது. முதல் மூன்று முறை விதிப்படி கையாண்டார்கள். நான்காவது முறைக்குப் பிறகு சர்க்யூட் பிரேக்கரை இழுத்து மீட்டமைத்ததற்கான அறிகுறிகள் பதிவுகளில் இருந்தன. சில நாட்களுக்கு முன் தரையில் ஒரு பொறியாளர் அப்படிச் செய்வதை அந்தக் கேப்டன் பார்த்திருந்தார். தரையில் அது ஒரு வைத்தியம். பறக்கும்போது செய்ததில் ஆட்டோபைலட் போனது, பாதுகாப்பு அமைப்புகளில் சில போயின, விமானம் சாயத் தொடங்கியது. அப்புறம் கோலைப் பின்னால் இழுத்தல், ஏற்றம், ஸ்டால். 162 பேர் இறந்தார்கள். இதில் தவறு எங்கே தொடங்கியது? காக்பிட்டிலா, பராமரிப்புப் பதிவேட்டிலா?

லயன் ஏர் 610-இல் இந்தக் கேள்வி வடிவமைப்பு மேசை வரை போகிறது. 2018 அக்டோபர் 29, போயிங் 737 மேக்ஸ் 8, 189 பேர். சில சூழல்களில் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் எம்காஸ் என்ற மென்பொருள், ஒரே ஒரு கோண சென்சாரை நம்பி வேலை செய்தது. விபத்துக்கு முந்தைய நாள் பொருத்தப்பட்ட சென்சார் 21 டிகிரி பிழையாகக் காட்டியது. அன்றிரவே அடுத்த பயணத்தில் கோளாறு வந்துவிட்டது. காக்பிட்டில் கூடுதலாக ஒரு விமானி உட்கார்ந்திருந்தார். மூக்கை ஏற்றி இறக்கும் வால் பகுதியை நகர்த்தும் மின்சார டிரிம் சுவிட்சுகளை அணைத்து ஜகார்த்தா போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் தரையிறங்கிய பின் பதிவேட்டில் எழுதியதில் நடந்தது முழுதாக இல்லை. ஸ்டால் எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுக் கோல் அதிர்ந்துகொண்டே இருந்ததும் டிரிம் தானாக ஓடியதும் அதில் இடம்பெறவில்லை. அடுத்த நாள் காலை விமானம் வேறு விமானிகளிடம் போனது. எம்காஸ் என்று ஒன்று இருப்பதே விமானிகளின் கையேட்டில் இல்லை. கேப்டன் இருபது முறைக்கு மேல் மூக்கைத் தூக்கிச் சமாளித்தார். பிறகு கட்டுப்பாட்டைத் துணை விமானியிடம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. இந்தோனேசிய விசாரணைக் குழு ஒன்பது காரணிகளைப் பட்டியலிட்டது. அதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடலாம், பலர் வாதாடினார்கள். ஐந்து மாதத்துக்குள் இதே ரக விமானமான எத்தியோப்பியன் 302 விழுந்து 157 பேர் இறந்தார்கள்.

எல்லாம் இப்படித்தான் முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். 2010 நவம்பர் 4 அன்று, சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் 32-இல் என்ஜின் வெடித்துச் சிதறியது. இறக்கை ஓட்டையானது, அமைப்பு மேல் அமைப்பாகக் கெட்டது. மேலே சொன்ன பழுதுகளோடு ஒப்பிட்டால் பல மடங்கு பெரியது. 469 பேரும் உயிரோடு இறங்கினார்கள். அன்று காக்பிட்டில் வழக்கத்துக்கு மாறாக ஐந்து விமானிகள் இருந்தார்கள். விமானம் பறக்கும் நிலையில் இருந்ததால் அவசரப்படாமல், வட்டமடித்துக்கொண்டே எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஆளும் நேரமும் கிடைத்தால் மனிதத் தவறு எவ்வளவு குறைகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, அறிக்கையைப் படிப்பது எப்படி? சர்வதேச விதிப்படி முதற்கட்ட அறிக்கை 30 நாட்களுக்குள் வர வேண்டும். அதில் பெரும்பாலும் பதிவான தரவு மட்டும்தான் இருக்கும், காரணம் இருக்காது. அதை வைத்து யார்மீதும் முடிவுக்கு வராதீர்கள். இறுதி அறிக்கையின் நோக்கமும் பழி சுமத்துவது இல்லை என்று அதே விதி சொல்கிறது. ‘விமானி தவறாகச் செய்தார்’ என்ற வாக்கியம் வரும் இடத்தில் நின்று, அந்த விநாடி அவருக்கு முன்னால் எந்தக் கருவி என்ன காட்டியது, என்ன ஒலித்தது என்று தேடுங்கள். முதல் எச்சரிக்கைக்கும் திரும்ப முடியாத கட்டத்துக்கும் இடையே எத்தனை விநாடி இருந்தது என்று பாருங்கள். பராமரிப்பு வரலாற்றுப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள், அதே பழுது முன்பு வந்திருக்கிறதா என்பது அங்கேதான் இருக்கும்.

நேரமே இல்லை என்றால் கடைசியில் வரும் பரிந்துரைகளை மட்டும் படியுங்கள். பரிந்துரை யாருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும். தயாரிப்பாளருக்கா, விமான நிறுவனத்துக்கா, ஒழுங்குமுறை ஆணையத்துக்கா, பயிற்சிப் பிரிவுக்கா? ‘விமானியின் தவறு’ என்று செய்தியில் வந்த விபத்தின் அறிக்கையில், பல பரிந்துரைகள் விமானியைத் தாண்டி வேறு இடங்களுக்குப் போயிருப்பதைப் பார்க்கலாம்.

பயணியாகச் செய்யக்கூடியது குறைவு. விமானத்தின் வயதைத் தேடிப் பார்த்து டிக்கெட் எடுப்பதில் பெரிய பயன் இல்லை. லயன் ஏர் விமானம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆனால் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. கெக்வொர்த் விபத்தில், வலது என்ஜினை அணைத்துவிட்டதாகக் கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னார். இடது என்ஜினில் தீப்பொறியைக் கண்ணால் பார்த்த பயணிகள் இருந்தார்கள், பணிக்குழுவிலும் பார்த்தவர்கள் இருந்தார்கள். விமானிகளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்து ஒருவரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக நெருப்பு, திரவக் கசிவு, இறக்கைமேல் படிந்த பனி என எதைப் பார்த்தாலும் பணிக்குழுவிடம் சொல்லுங்கள், முட்டாள்தனமாகத் தோன்றினாலும். சொல்லும்போது எப்போதிலிருந்து தெரிகிறது, எந்த வரிசைக்கு நேராக என்று சேர்த்துச் சொல்லுங்கள். இடது, வலது என்பதை விமானத்தின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்த நிலையிலிருந்து சொல்லுங்கள். உங்கள் எதிரே நின்று கேட்பவருக்கு உங்கள் இடது அவருடைய வலது.