தபாலில் வராத மெடல்

கேள்வி: எனக்கு 33 வயது, ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், ஓசூரில் கம்பெனி வேலை. போன வருடம் கோவாவில் ஒரு டிரையத்லான் போட்டிக்குப் போனேன். 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், கடைசியில் 21.1 கி.மீ. ஓட்டம். நீச்சல் அப்பா எங்கள் கிணற்றில் கற்றுக்கொடுத்தது. பயிற்சி நாட்களில் மனைவி விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து ராகிக் கஞ்சி காய்ச்சித் தருவார். ஓட்டத்தில் 14-வது கிலோமீட்டரில் வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கு வந்த மறுவாரமே திரும்ப ஓட ஆரம்பித்தேன். இப்போது கெண்டைக்கால் எலும்பில் விரிசல். எட்டு வாரம் ஓடக் கூடாது என்கிறார் டாக்டர். மெடல் எங்கே என்று அம்மா கேட்கிறார், தபாலில் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மனசு ஒடிந்துபோயிருக்கிறது. எப்படி மீள்வது?

பதில்: தம்பி, கடிதம் முழுக்கப் போட்டியையும் கால் விரிசலையும் பற்றி எழுதிவிட்டு, மெடலை ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது.

முடித்தவர்களுக்கு எல்லைக்கோட்டிலேயே கழுத்தில் போட்டுவிடுகிற மெடல் அது. அம்மாவுக்கு அது தெரியாது. அந்தத் தைரியத்தில்தானே சொன்னீர்கள்? வீட்டில் எல்லோரும் நீங்கள் முடித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுவாரமே எதற்காக ஓடினீர்கள்? சீக்கிரம் இன்னொரு மெடல் வாங்கி, இதோ வந்துவிட்டது என்று காட்டத்தான். எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. ஓட ஓட எலும்பில் சின்னச் சின்னச் சேதம் விழும். ஓய்வில்தான் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். அந்த ஓய்வைக் கொடுக்காமல் தூரத்தைக் கூட்டினால் விரிசல்தான். அதுவும் ஒரே நாளில் வந்திருக்காது. முதலில் ஓடும்போது மட்டும் வலிக்கும், அப்புறம் நடந்தாலே வலிக்கும், ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் சுரீர் என்னும். அதையும் வீட்டில் மறைத்திருப்பீர்கள்.

கோவாவில் நடந்ததில் மறைக்க என்ன இருக்கிறது? விடியற்காலைக் குளிரில் ஓடிப் பழகிய உடம்பு, கடலோரப் புழுக்கத்தில் வேர்வை காயாமல் சூடேறித் திணறும். அந்தச் சூட்டுக்கு உடம்பு பழக பத்து பதினாலு நாளாவது வேண்டும். அடுத்த முறை முன்கூட்டியே பழக்கிக்கொள்ளுங்கள்.

ஃப்ளோரா டஃபி என்ற பெர்முடா வீராங்கனை 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் டிரையத்லானை முடிக்கவில்லை. 2012 லண்டனில் சைக்கிளிலிருந்து விழுந்து 45-வதாக வந்தார். 2021-ல் டோக்கியோவில் தன் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தார். நீங்களும் தங்கம் வாங்குவீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முடிக்கவில்லை என்பது உலகமே பார்க்கும்படி அவர் பெயருக்கு நேராக இன்றும் இருக்கிறது. உங்களால் நாலு பேருக்கு முன்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

அந்த நாலு பேர் யார்? ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அடுப்பு மூட்டியவர். ஒருவர் கிணற்றில் உங்களைத் தாங்கிப் பிடித்தவர். வீட்டார் உழைப்பில் ஓடினால், தோல்வியிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. அதை ஒளித்துவைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. அப்பாவும் தோற்பார், தோற்றால் வீட்டில் வந்து சொல்வார் என்று உங்கள் பெண்ணும் பார்க்கட்டும்.

இன்று ராத்திரி மனைவியிடம் தனியாகச் சொல்லுங்கள். நாளைக்கு அம்மா அப்பாவிடம். அம்மா அக்கம்பக்கமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருப்பார், திட்டுவார். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு வாரமும் டாக்டர் சொன்னபடி இருங்கள். நீந்தலாமா என்று அவரிடமே கேளுங்கள், பலருக்கு அனுமதிப்பார்கள். அடுத்த போட்டிக்குப் பணம் கட்டுவதை உங்கள் மனைவி முடிவு செய்யட்டும். இந்த வருடம் வேண்டாம் என்றால், வேண்டாம்.