‘ரன்’ என்னும் சொல்: சில கேள்விகள், பதில்கள்

பாளையங்கோட்டையில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி நெல்லை வட்டாரத்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு அளித்த பதில்கள்.

கல்லிடைக்குறிச்சி, கல்லூரி மாணவி: ஐயா, ‘ரன்’ என்றால் ஓடுதல் என்று பள்ளியில் படித்தோம். அகராதியிலோ பொருள்கள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம், அம்மா. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்திய பதிப்பில் இச்சொல்லுக்கு வினையாக மட்டும் 645 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. அவற்றை மனப்பாடம் செய்து யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை. நம் ‘ஓடு’ என்ற வினையையே எண்ணிப் பாருங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, அம்பாசமுத்திரத்துக்குப் பேருந்து ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. இவை அனைத்திலும் ‘ரன்’ தடையின்றிப் பொருந்தும் என்பதால், பாதி வழியைத் தமிழே உங்களுக்குக் கடத்திக் கொடுத்துவிடுகிறது. கவனம் தேவைப்படுவது மற்றப் பாதிக்குத்தான்.

திருநெல்வேலி டவுன், மளிகைக்கடை உரிமையாளர்: கடை ஓடுவதற்கும் கடையை நடத்துவதற்கும் அதே சொல்தானா?

நடத்துவதற்கு அதே சொல்தான். தமிழில் ஓடு என்பது ஓட்டு என்றும், நட என்பது நடத்து என்றும் உருமாறி, செய்பவர் வேறு, செயலுக்கு உள்ளாவது வேறு என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் ‘ரன்’ உருமாறாது; அதை அடுத்து ‘ஷாப்’ போன்ற பெயர்ச்சொல் செயப்படுபொருளாக வந்தால் நடத்துதல் என்று கொள்ள வேண்டும். ஆனால், அண்ணாச்சி, “கடை நன்றாக ஓடுகிறது” என்பதை அப்படியே ‘ரன்ஸ் வெல்’ என்று எழுதிவிடாதீர்கள். அது நிர்வாகம் சீராக இருப்பதைத்தான் சொல்லும்; வியாபாரம் செழிப்பதற்கு ‘டூயிங் வெல்’ என்பதே பொருத்தம். சரக்கு குறைந்துவந்தால் ‘ரன்னிங் ஷார்ட்’, அடியோடு தீர்ந்துபோனால் ‘ரன் அவுட் ஆஃப்’.

பத்தமடை, பாய் வியாபாரி: எங்கள் கோரைப் பாயின் சாயம் போகாது என்று வெளியூர் வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே ஒரு சொல் மாறினால் வாக்குறுதியே மாறிவிடும். தமிழில் ‘சாயம் போகும்’ என்பது இரண்டையும் குறிக்கும்: ஈரம் பட்டுச் சாயம் கரைந்து பக்கத்து நிறத்தில் பரவுவது ஒன்று, வெயிலில் நாளடைவில் நிறம் மங்குவது மற்றொன்று. முன்னதற்கு மட்டுமே ‘ரன்’ பொருந்தும். பின்னதற்கு ‘ஃபேட்’ என்று எழுத வேண்டும். ‘தி கலர்ஸ் டூ நாட் ரன்’ என்று மட்டும் எழுதினால், தண்ணீர் பட்டால் சாயம் பரவாது என்பதற்கு மட்டுமே நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள். சாயத்தை நனைத்தும் வெயிலில் வைத்தும் பார்த்த பிறகு, எது உண்மையோ அதை மட்டும் எழுதுங்கள்.

தென்காசி வாசகர்: சாலைக்கும் மலைக்கும் ‘ரன்’ போடுகிறார்களே, அவை எங்கே ஓடுகின்றன?

ஓடவில்லை, நீண்டு கிடக்கின்றன. நாம் “சாலை தென்காசிக்குப் போகிறது” என்று சொல்வதைப் போன்றதுதான் அதுவும்.

திருநெல்வேலி சந்திப்பு, வழிகாட்டி: நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ‘கார் ரன்’ என்று சுற்றுலாப் பயணிகளிடம் சொல்லலாமா?

கூடாது, மோட்டார் வண்டி என்றே கொள்வார்கள். ‘கார் ஃபெஸ்டிவல்’ என்ற வழக்கு நெடுநாளாக உள்ளது. அதற்கும் ‘டெம்பிள்’ என்று முன்னொட்டுச் சேர்ப்பது நல்லது. தேரை மக்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள் என்பதால் வினைக்கு ‘புல்’ என்பதே சரி. வெள்ளோட்டத்துக்கு மட்டும் ‘ட்ரையல் ரன்’ கச்சிதமாகப் பொருந்துகிறது.

வள்ளியூர் வாசகர்: தேர்தலில் நாம் நிற்கிறோம், அவர்கள் ஓடுகிறார்களாமே?

ஓடுபவர்கள் அமெரிக்கர்கள். பிரிட்டனில் நம்மைப் போலவே ‘ஸ்டாண்ட்’ என்று நிற்கத்தான் செய்கிறார்கள். இந்திய ஆங்கில நாளிதழ்களில் பெருவழக்காக உள்ள ‘கன்டெஸ்ட்’ என்ற சொல்லை நீங்கள் எழுதினால், இரு நாட்டினருக்கும் குழப்பமின்றிப் புரியும்.